முதல் கூஜாவின் அடியில்

– கதவைச் சாத்துக்கா. தாழ்ப்பாளும் போடு. காத்து வந்தா சுடர் ஆடும்.

– போட்டாச்சு. நீ ஊது முதல்ல. குழுக்காரங்க கார் பாலத்தைத் தாண்டியாச்சாம். அப்பா புதுச்சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறார். கண்ணாடிப் பெட்டி காலியா இருக்கறதை எவனாவது பார்த்தான்னா, வெள்ளிக் காட்சிக்கூடத்துப் பொறுப்பாளரம்மா எனக்கு இன்னிக்கோட வேலை போச்சு.

– பெட்டி மேல ஏதாவது போட்டு மூடினியா?

– கறுப்புத் துணி போட்டு மூடி, 'குழுவினர் வந்ததும் திறக்கப்படும்'னு அட்டையும் வெச்சுட்டு வந்திருக்கேன். பார்க்கறவங்க பெரிய மரியாதைன்னு நினைப்பாங்க.

– பொய் சொல்றதுல பட்டம் வாங்கினவதான் நீ.

– நான் பட்டம் வாங்கினது வரலாறுல.

– நான் என்ன வேறயா சொன்னேன்?

– டேய் ஒட்டு, வாய் போற வேகத்துக்குக் கை போனா இந்நேரம் முடிஞ்சிருக்கும். கூஜாவோட அடிவளையம் கழண்டிருக்கு, அவ்வளவுதானே? துடைக்கும்போது கை நழுவி மேசை முனையில பட்டுடுச்சு. வேற எங்கயும் அடிபடலை. நல்லாப் பார்த்துட்டேன்.

– நீ பார்த்தது சரி. நான் பார்க்க வேண்டாமா? வளையத்தை மறுபடி ஒட்டணும்னா அடிப்பாகம் முழுக்க ஒரே மாதிரி சூடாகணும். ஒரு பக்கம் மட்டும் ஊதினா மறுபக்கம் கோணிக்கும். பொறு. இத்தனை வருஷத்துல இதை நான் தொடறது இதுதான் முதல் தடவை.

– தொடாதேன்னு உன்னை யாரு தடுத்தா? திறப்புவிழா அன்னிக்குத் தெருவே கூடத்துல நின்னுச்சு. நீ மட்டும் பட்டறையில உட்கார்ந்து கொலுசுக்குக் கொக்கி போட்டுட்டிருந்தே.

– என்னத்துக்கு வரணும்? 'பார்த்தியாடா பூட்டன் கையை, உன் கையும் ஒரு கையா'ன்னு அப்பா நாலு பேர் முன்னாடி கேட்கறதுக்கா? வீட்டுல கேட்டதே போதும்.

– அதை இன்னுமா மனசுல வெச்சிருக்கே? மீசை முளைக்காத வயசுல சொன்னதுடா.

– மீசை நரைக்க ஆரம்பிச்சாச்சுக்கா. சொன்னது நரைக்கலையே. சரி, அந்த இடுக்கியை எடு. நீளமானது இல்லை, பக்கத்துல சின்னது. ம். தள்ளி நில்லு, ஒட்டறதுக்குத் தடவின வெங்காரம் பொங்கும்.

– இந்தா. பார்த்து, பார்த்து. முத்திரை இருக்கற இடத்துல சுடர் படாம ஊதுடா. அந்த ஒத்தை இலையைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரத்துலேருந்து வர்றாங்க. இந்த ஊர்ல முதல் வெள்ளிப் பாத்திரம் தட்டினது நம்ம பூட்டன்தான்னு சொல்றதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. அதை வெச்சுத்தான் தெருவுக்கே வட்டாரப் பேர், அதான் புவிசார் குறியீடு, தரப்போறாங்க. அது கிடைச்சுட்டா, எங்கேயோ மிஷின்ல அடிச்ச தகரத்தை நம்ம தெரு வேலைன்னு சொல்லி எவனும் விக்க முடியாது. பேசிட்டே இருக்கேன், நீ ஏன்டா ஊதறதை நிறுத்திட்டே?

– அக்கா.

– என்ன?

– ஏதோ கீழ விழுந்துச்சு.

– வளையம்தானே? எடுத்து வை.

– வளையம் இல்ல. முத்திரை.

– முத்திரை எப்படிடா விழும்? அது அடியிலேயே குத்தினது.

– அடியிலேயே குத்தினது விழாது. ஒட்டி வெச்சது விழும். இதோ பாரு. பொத்தான் மாதிரி ஒரு தகடு. அதுல இலை.

– விளையாடாதே.

– என் முகத்தைப் பார்த்தா விளையாடற மாதிரியா இருக்கு? கிட்டே வந்து பாரு. தொடாதே, சுடும். தகட்டோட விளிம்பைப் பாரு, சுத்திலும் இழைச்சு, கண்ணுக்கே தெரியாம அடியோட சேர்த்திருக்காங்க. நல்ல கை. என் வாயால சொல்றேன், அருமையான ஒட்டு.

– பாராட்டுப் பத்திரம் அப்புறம் வாசி. எப்போ ஒட்டினது இது? பூட்டனே ஒட்டியிருப்பாரா? அந்தக் காலத்துல வரி கட்டாம இருக்க, சின்னப் பாத்திரத்துல வாங்கின முத்திரையை வெட்டிப் பெரிய பாத்திரத்துல ஒட்டற தில்லுமுல்லு எல்லாம் நடந்திருக்கு. நானே எழுதியிருக்கேன். அப்படின்னா பூட்டன் பேர் கொஞ்சம் கெடும். ஆனா கூஜா பழசுதான். சமாளிச்சுடலாம்.

– சமாளிக்க முடியாது. தகட்டை ஒட்டின பற்றாசு உருகின சூட்டைப் பார்த்தியா? நான் இன்னும் சுடரைத் திறக்கவே இல்ல, ஓரமாக் காட்டிட்டிருந்தேன். பழைய காலத்துப் பற்றாசு இவ்வளவு லேசுல இளகாது, நெருப்பைப் பிடிச்சுக்கிட்டு அழும். இது கடையில சுருளா வாங்கினது. நம்ம காலத்துது.

– நம்ம காலத்துன்னா?

– அப்பா காலம். என் காலம். அந்த மாதிரி.

– கடவுளே. ஏய், தகடு இருந்த இடத்துல ஏதோ இருக்கு பாரு. கருப்பா. ஏதோ குத்தியிருக்கற மாதிரி இல்ல?

– பார்த்துட்டேன்.

– பார்த்துட்டுச் சொல்ல மாட்டியா? அது வேற முத்திரைடா. அதை மறைக்கத்தான் மேல தகட்டை ஒட்டியிருக்காங்க. போச்சு. பிறையா இருந்தா என்ன பண்றது? வளைவு வீட்டுக்காரங்க முத்திரை பிறைதானே? 'முதல்ல தட்டினது நாங்க, பேர் வாங்கினது நீங்க'ன்னு அந்த மாமா காலம்காலமா கத்திட்டிருக்கார். நான் அவரைப் பார்த்து, 'ஆதாரம் இருந்தாக் கொண்டாங்க மாமா'ன்னு மேடையிலேயே கேட்டிருக்கேன். ஆதாரத்தைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டுப் போட்டது நான்தானா?

– அலட்டாதே. திராவகத்துல போட்டாக் கருப்பு போயிடும், தெரிஞ்சுடும். மூக்கைப் பொத்திக்கோ.

– எவ்வளவு நேரம் ஆகும்?

– வெள்ளி வெளுக்கற நேரம் ஆகும்.

– இந்தப் பதிலைக் கேட்டா எனக்குப் பத்திட்டு வருது. உங்க எல்லாருக்கும் இதே பேச்சு. எப்போ முடியும்னா முடியறப்போ முடியும்.

– அக்கா, ஒண்ணு கேக்கறேன். இந்தக் கூஜா பழைய பட்டறைச் சுவத்தை இடிச்சப்போ கிடைச்சதுதானே? அப்போ நீ பார்த்தியா?

– இல்ல. அப்பாவும் கொத்தனாரும் மட்டும்தான் பார்த்தாங்க. 'சுத்தம் பண்ணிட்டுத்தான் காட்டுவேன்'னு சொல்லிட்டார். ஒரே மாசத்துல பெட்டியில ஏறி ஜொலிச்சது. நான் பார்த்ததே அப்போதான். சுவரை இடிச்சப்போ நீ எங்கே இருந்தே?

– அத்தை வீட்டுல, அம்மை போட்டு. எனக்குச் சுவரும் தெரியாது, கூஜாவும் தெரியாது. திரும்பி வந்தும் நாள் கழிச்சுத்தான் அந்தப் பேச்சே காதுல விழுந்துச்சு. சரி, வெளுத்துடுச்சு. தண்ணி ஊத்து. போதும். துணியைக் கொடு.

– பிறையா? சொல்லித் தொலைடா. பிறைதானே?

– பிறை இல்ல.

– அப்பாடா. என்ன முத்திரை?

– புள்ளி.

– என்னது?

– மூணு புள்ளி. வரிசையா.

– மூணு புள்ளி எந்த வீடு? தெருவுல இருக்கற எல்லா வீட்டு முத்திரையையும் நான்தான் தொகுத்திருக்கேன். அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. வெளியூர்ச் சரக்கா?

– வெளியூர் இல்ல.

– ஏன்டா முகம் இப்படி வெளிறிப்போச்சு? திராவகம் பட்டுடுச்சா?

– இது உளியில குத்தினது இல்லக்கா. முத்திரை உளி வாங்க வயசு ஆகாதவன், ஆணியைக் கல்லுல தீட்டிக் குத்தினது. நடுப்புள்ளியைப் பாரு. அதுக்கு மட்டும் வால் இருக்கு.

– இருக்கு. கோடு மாதிரி இழுத்திருக்கு. ஆணி வழுக்கியிருக்கும்.

– வழுக்கிப் போய் எங்கே ஏறுச்சுன்னு கேளு.

– எங்கே?

– இங்கே. கட்டைவிரல்ல. நீதான் உன் பள்ளிக்கூடத் தாவணியைக் கிழிச்சுக் கட்டிவிட்டே. அம்மா உன்னை அடிச்சாங்க.

– இரு. இரு, இரு. அது நீ முதமுதலா ஒரு கூஜா தட்டினியே, அப்போ நடந்தது.

– ஆமா.

– அதை அப்பா உருக்கிட்டாரே.

– 'உருக்கிட்டேன்'னு சொன்னார். 'வாய் கோணல், கழுத்து அமுங்கல், இதெல்லாம் பாத்திரமா? உருக்கிட்டேன். உனக்குப் பாத்திரக்கை வராதுடா, ஒட்டு வேலை பாரு'ன்னார். நானும் பார்த்தேன். இன்னிவரைக்கும் அதைத்தானே பார்த்துட்டிருக்கேன். தெருவுல என் பேரே ஒட்டு. நீகூட அப்படித்தானே கூப்பிடறே.

– தம்பி, நீ தப்பாப் பார்க்கறே. இது அந்தக் கூஜா இல்லடா. அதை நான் பார்த்திருக்கேன், மொட்டையா, சொம்பு மாதிரி இருந்துச்சு. இதுல உடம்பெல்லாம் கொடி ஓடுது.

– கொடி அப்பா வேலை. இப்போ கையில எடுத்துப் பார்க்கும்போதுதான் தெரியுது, இலைக்காம்பை அவர் மாதிரி யாராலயும் திருப்ப முடியாது. கூஜாவுக்கு உள்ளே கையை விட்டு, கொடிக்குப் பின்பக்கம் தடவிப் பாரு. என் சுத்தியல் அடி. சின்ன அடி, பயந்து பயந்து விழுந்த அடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கறவனுக்கு எப்படித் தெரியும்? நான்தான் அந்தக் கண்ணாடி கிட்டயே போகலையே.

– அப்போ பள்ளம்?

– எந்தப் பள்ளம்?

– எந்தப் பள்ளமா? கழுத்துக்குக் கீழே ஓடுதே, அதுடா. 'ஆற்றின் வளைவை நினைவூட்டும் மென்பள்ளம், இவ்வட்டாரக் கைவண்ணத்தின் தனி அடையாளம்.' நான் எழுதினது. புத்தகத்துல முதல் பக்கம். அதைப் படிச்சுட்டுத்தான் அந்தக் குழு காரேறி வருது.

– அக்கா, கோவிச்சுக்காதே.

– சொல்லு.

– அது ஆறு இல்ல. சூடு அதிகமாகி அமுங்கிடுச்சு. எனக்கு நிமிர்த்தத் தெரியல. ஒரு இடத்துல மட்டும் பள்ளமா இருந்தா அப்பா உதைப்பாரேன்னு, சுத்தி வர அதே மாதிரி தட்டிவிட்டேன். வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கட்டும்னு.

– நான் கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்.

– அந்த முக்காலி ஆடும், பார்த்து.

– தெருவே அந்தப் பள்ளத்தைத் தட்டுதுடா. குடம், சொம்பு, தூக்கு, குழந்தைக்குப் பால் ஊத்தற சங்கு வரைக்கும். பள்ளம் இல்லாத பாத்திரத்தை நம்ம ஊர்ச் சரக்கு இல்லன்னு கடைக்காரன் திருப்பி அனுப்பறான்.

– என்னையே அனுப்பியிருக்காங்க. ஒரு தடவை ஆசைக்கு ஒரு சொம்பு தட்டினேன், ஞாபகம் இருக்கா? வளைவு வீட்டு மாமா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, 'எல்லாம் சரி மருமகனே, பள்ளத்துல பூட்டன் கை இல்லையே'ன்னார்.

– சிரிக்காதே.

– நான் சிரிக்கலை. எனக்கு இப்போ என்ன வருதுன்னு எனக்கே தெரியலை. பூட்டன் கை, பூட்டன் கைன்னு ஊரே கும்பிட்டுச்சு. அந்தக் கை இதோ இருக்கு. இதுல கொலுசுக் கொக்கி ஒட்டிட்டிருந்தேன்.

– அப்போ அசல் எங்கே?

– எது?

– பூட்டன் தட்டின கூஜா. சுவத்துல கிடைச்சது. அது நிஜம்டா, கொத்தனார் பார்த்திருக்கார். அது எங்கே போச்சு?

– வித்திருப்பார்.

– யாரு? அப்பாவா? புத்தி கெட்டவனே, யோசி. பழைய கூஜாவுக்கு மதிப்பே அந்த இலை முத்திரைதான். முத்திரையை வெட்டி வெச்சுக்கிட்டு வெறும் கூஜாவை வித்தா, வாங்கறவன் பைத்தியக்காரன். திருடனும் அப்படித் திருட மாட்டான். இந்தத் தகடு அசல்தானே?

– சந்தேகமே வேண்டாம். வெள்ளியைப் பாரு, வேற நிறம். பழைய வெள்ளி, ஓரமெல்லாம் தேய்ஞ்சு வழவழன்னு.

– அப்போ நல்ல பாத்திரமா இருக்கறதுல முத்திரையை மட்டும் வெட்டி எடுக்கறது யாரு? எதுக்கு எடுப்பான்?

– ஒருத்தன்தான் எடுப்பான்.

– யாரு?

– உருக்கப் போறவன். அதுதானே நம்ம தெரு வழக்கம். பழசை உருக்கறதுக்கு முன்னாடி தட்டினவன் பேரை வெட்டி எடுத்துடணும். மனுஷன் பேரை உருக்கற மூசையில போடக் கூடாது. எந்தத் திருடனும் அதை மட்டும் மீறினது இல்ல.

– அப்போ.

– அப்போ என்ன அப்போ. அவர் உருக்கிட்டார்க்கா. பூட்டன் கூஜாவை மூசையில போட்டுட்டார். எதுக்கு, ஏன், தெரியாது. உருக்கிட்டு, ஊருக்குக் காட்ட ஒண்ணு வேணுமேன்னு என்னுதை எடுத்துட்டார். எடுத்துட்டு என்கிட்ட, உன்னுது குப்பைன்னார்.

– அப்படிச் சொல்லாதே. முன்னோர் வேலையை உருக்கறது கொலை மாதிரிடா. தெருவுக்குத் தெரிஞ்சா அவரை நெருப்புக் கிட்டயே விட மாட்டாங்க. அவர் கை பட்ட வெள்ளியை ஒருத்தர் வாங்க மாட்டாங்க. அந்தக் கோடிவீட்டுக்காரர் அப்படித்தானே ஊரை விட்டே போனார்.

– போகட்டுமே.

– நம்ம அப்பாடா அவர்.

– எனக்கும்தான் அப்பா. பிள்ளை தட்டினதைத் திருடி, பிள்ளைக்கே கை இல்லன்னு சொன்ன மனுஷன். போன் அடிக்குது பாரு. அவர்தான். எடு.

– நான் எடுக்க மாட்டேன்.

– கொடு. ஸ்பீக்கர்ல போடறேன்.

– எங்கேம்மா இருக்கே? வந்துட்டாங்க. டீ குடிச்சிட்டிருக்காங்க. துணியை எடுக்கலாமான்னு கேக்கறாங்க. நான் பொண்ணு வரட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன்.

– அப்பா, நான்தான்.

– நீயா? அக்கா போன் உன்கிட்ட எப்படி?

– அக்கா பட்டறையில இருக்கா. கூஜாவும் பட்டறையிலதான் இருக்கு. அடிவளையம் கழண்டு போச்சுன்னு கொண்டு வந்தா.

– அதை நீ தொட்டியா?

– ஊதினேன். முத்திரை கழண்டு விழுந்துச்சு.

– அப்பா? லைன்ல இருக்கீங்களாப்பா? கேக்குதா?

– கேக்குதும்மா. இருங்க. இங்கே ஆள் நிக்குது. வெளிய போய்ப் பேசறேன்.

– போங்கப்பா. நல்லா வெளிய போங்க. காத்தோட்டமா நின்னு கேளுங்க. மூணு புள்ளியும் தெளிவாத் தெரியுது. நடுப்புள்ளி வால்கூடத் தெரியுது.

– கத்தாதே. சொல்றதைக் கேட்டுக்கோ. தகட்டைத் திரும்ப அதே இடத்துல வெச்சு ஒட்டு. இலைக்காம்பு கைப்பிடியைப் பார்த்து இருக்கணும். வளையத்தைப் போடு. ஆற வெச்சுக் கொடுத்தனுப்பு. மத்ததைச் சாயந்திரம் பேசலாம்.

– ஒட்ட மாட்டேன்.

– ஒட்டறதுதானே உன் தொழில்?

– கேட்டியாக்கா? இந்த நிமிஷத்துலயும் பேச்சைப் பாரு. அப்பா, நான் இப்போ கிளம்பி வர்றேன். ஒரு கையில கூஜா, ஒரு கையில தகடு. குழுக்காரங்க முன்னாடி வெச்சு, இது பூட்டன் தட்டினது இல்ல, நான் தட்டினதுன்னு சொல்லப்போறேன். பள்ளம் எப்படி வந்துச்சுன்னும் சேர்த்துச் சொல்லப்போறேன்.

– தம்பி, தெருவுக்கு வர்ற பேர் போயிடும்டா. அத்தனை வீட்டு அடுப்பும் இதை நம்பி இருக்கு.

– தெருவுக்கு நான் யாருக்கா? ஒட்டு. ஒட்டுக்கு எதுக்கு அந்தக் கவலை? வளைவு வீட்டு மாமா காதுல விழணும். பூட்டன் கை இல்லன்னாரே, அவர் காதுல முதல்ல விழணும்.

– வா.

– என்னது?

– வான்னு சொன்னேன். அப்பன் நான் தடுக்க மாட்டேன். அது உன் வேலைதான். பட்டறையில தட்டினதுலயே அதுக்கு ஈடு ஒண்ணு கிடையாது. என்னுதையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

– இப்போ சொல்றீங்க.

– இப்போதான் சொல்ல முடிஞ்சுது.

– அப்பா, நானும் கேக்கறேன். எனக்குப் பதில் சொல்லுங்க. அவ்வளவு நல்ல கைன்னா, அவனை ஏன்ப்பா பாத்திரமே தட்டாதேன்னு முடக்கிப் போட்டீங்க?

– இவன் இன்னொண்ணு தட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, கண்ணு தெரியாதவன்கூடத் தடவியே சொல்லிடுவான், ஒரே கைன்னு. ஒரு சொம்பு தட்டினானே, அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலைம்மா. நல்லவேளை, அந்த வளைவு வீட்டுக்காரனுக்குக் கண்ணு போதாது.

– பார்த்தியா, உன் அப்பா எவ்வளவு கணக்குப் போட்டிருக்கார்னு. தன் தப்பு வெளிய வரக் கூடாதுன்னு என் கையை வெட்டிட்டார். ஏன்ப்பா உருக்கினீங்க? அதை மட்டும் சொல்லுங்க. அந்த மனுஷன் தட்டின ஒரே பாத்திரம். சுவத்துக்குள்ள எத்தனை தலைமுறை பத்திரமாக் கிடந்துச்சு. உங்க கைக்கு வந்து ஒரு மாசம் தாங்கலை. எப்படி மனசு வந்துச்சு?

– நான் உருக்கலை.

– பின்ன பூட்டனே இறங்கி வந்து உருக்கினாரா?

– நீ வர்றதுன்னா வா. வந்து மேடையில சொல்லு. ஆனா பாதியைச் சொல்லிட்டு நிறுத்தக் கூடாது. முழுசாச் சொல்லணும். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லு. நான் இந்தக் கூடத்துக்காரங்களைப் பார்க்க வெளியூர் போயிருந்த வாரம் நீ அந்தக் கூஜாவைத் தட்டினே. சரியா?

– ஆமா. நீங்க வர்றதுக்குள்ள தட்டிக் காட்டணும்னு.

– அதுக்கு வெள்ளி ஏது உனக்கு?

– பட்டறையில கிடந்ததுதான்.

– பட்டறையில நான் கட்டி வெள்ளி வெச்சுட்டுப் போகலையே.

– கட்டி இல்ல. பழைய பாத்திரம் ஒண்ணு. உங்க மேசைக்கு அடியில சாக்குல சுத்திக் கிடந்துச்சு. உருக்கறதுக்கு வந்ததுன்னு நினைச்சேன். நசுங்கி, சுண்ணாம்பு ஒட்டிக்கிட்டு.

– தம்பி, போதும். போனை என்கிட்ட கொடு.

– இருக்கா. எதுக்குப் பிடுங்கறே? அதுக்கும் இதுக்கும் என்ன?

– சொல்லட்டும்மா, விடு. உருக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணினே?

– எல்லாரும் பண்றதுதான். அடியில முத்திரையை வெட்டி எடுத்துட்டுத்தான் மூசையில போட்டேன். ஒரே கருப்பா இருந்துச்சு, யாருதுன்னு நான் பார்க்கலை. வெட்டின தகட்டை உங்க டப்பாவுல போட்டுட்டேன். ஏன்ப்பா கேக்கறீங்க? அந்தத் தகடு எங்கே?

– இப்போ ஒரு கையில தகடுன்னியே, அதுதாண்டா.